ஐஸ் வந்த ஊரில் ஐந்து நாள்

செவ்வாய்

இந்நேரம் நியூயார்க் போக மூட்டை கட்டிக்கொண்டிருக்க வேண்டியவள். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கர்கள் நன்றி சொல்லி வான்கோழி விருந்து சாப்பிடும் நாள். அன்றைய ஊர்வலத்தைத் தெருவில் நின்று பார்ப்பது, இரண்டு நாள் ஊர் சுற்றுவது, ஞாயிறு திரும்புவது என்று மகள் போன மாதமே ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். நேற்று ராத்திரி பேரனுக்கு 102 டிகிரி காய்ச்சல். காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல்தான், இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பயணம் முடிந்தது. பயணக் குறிப்பு எழுதவென்று திருவல்லிக்கேணியில் வாங்கி வந்த நோட்டு மட்டும் வெறுமனே கிடந்தது. சரி, வீட்டில் உட்கார்ந்தே எழுதுவோம்.

மகள் வீடு இருப்பது ஆர்லிங்டனில். மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டனுக்கு வடமேற்கே ஆறு மைல். நவம்பர் கடைசியில் நாலே கால் மணிக்கே இருட்டிவிடுகிறது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் சாயங்காலம்.

"அத்தை, நீங்க வாங்க. நியூயார்க் இல்லேன்னா என்ன, நம்ம ஊரையாவது காட்டுறேன்" என்று மாப்பிள்ளை மூன்று மணிக்குக் கிளப்பினார். ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, காதை மூடி ஒரு மஃப்ளர். அப்படியும் மூக்கு நுனி மரத்துப்போனது.

முதலில் ஜேசன் ரஸ்ஸல் வீடு. மர வீடு, குளிர்காலத்துக்குப் பூட்டியிருந்தது, வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1775 ஏப்ரல் 19, அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய நாள். லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் சுட்டுவிட்டுப் பாஸ்டனுக்குத் திரும்பிய ஆங்கிலேயப் படை இந்தத் தெரு வழியாகத்தான் வந்தது. ஊருக்கு அப்போது மெனோடமி என்று பெயர். ரஸ்ஸலுக்கு 58 வயது, கால் வேறு ஊனம். பெண்டு பிள்ளைகளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு, "என் வீடு எனக்குக் கோட்டை" என்று இவர் மட்டும் நின்றாராம். வாசலிலேயே செத்தார். அவரோடு சேர்த்து அந்த ஒரு வீட்டில் மட்டும் பன்னிரண்டு பேர். சுவரில் இன்னமும் குண்டு துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன என்றார் மாப்பிள்ளை. புத்தகங்களில் லெக்சிங்டன், கான்கார்டு என்றுதான் இருக்கும். அன்றைக்கு அதிகம் பேர் செத்தது இந்த ஊரில்.

எனக்கு மனதில் நின்றவர் சாமுவேல் விட்டமோர். 78 வயதுக் கிழவர், தனி ஆளாகக் கல்சுவருக்குப் பின்னால் பதுங்கிப் படையைச் சுட்டிருக்கிறார். பதிலுக்கு முகத்தில் குண்டு, உடம்பெல்லாம் துப்பாக்கிக் கத்திக் குத்து. செத்தார் என்று போட்டுவிட்டுப் போனார்கள். மனுஷன் பிழைத்து எழுந்து இன்னும் பதினெட்டு வருஷம் இருந்து 1793ல்தான் போய்ச் சேர்ந்தார். முட்டி வலி என்று மாடி ஏற யோசிக்கும் எனக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது ஸ்பை பாண்டு என்கிற குளத்தின் கரை. குளம் என்று பெயர்தான், நல்ல ஏரி. வாத்துகள் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன.

"இந்தப் பக்கத்துக் குளத்துல எல்லாம் அந்தக் காலத்துல ஐஸ் வெட்டிக் கப்பல்ல ஏத்துவாங்க அத்தை. கல்கத்தா, மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு."

நான் நின்றுவிட்டேன். முப்பது வருஷம் ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பிங்கில் பஸ் ஏறி வேலைக்குப் போனவள் நான். வெளிநாட்டு ஐஸை வைத்த வீடு என்று சின்ன வயதிலேயே தெரியும். எந்த வெளிநாடு, எந்தத் தண்ணீர் என்று ஒருநாள் கேட்டதில்லை.

புதன்

பேரனுக்குக் காய்ச்சல் 100க்கு இறங்கியிருக்கிறது. கஞ்சி வேண்டாம், நூடுல்ஸ் வேண்டும் என்று அழுதான். அப்பாடா, தேறிவிட்டான்.

பத்து மணிக்கு ஜன்னலோரம் நின்று கத்தினான்: "பாட்டி, டர்க்கி! டர்க்கி!" எட்டிப் பார்த்தால் ஆறு வான்கோழிகள் நடுத்தெருவில். பண்ணைக் கோழி இல்லை, காட்டு வான்கோழி. ஒரு கார் ஹாரன் அடித்தது. முன்னால் போன சேவல் நின்று, தலையைத் திருப்பிக் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் எதிர்வீட்டுப் புல்தரைக்கு ஏறியது. நாளைக்கு நாடு முழுக்க அதன் சொந்தக்காரர்கள் அடுப்பில் வேகப் போகிறார்கள் என்ற கவலை துளியும் இல்லை. வெயில் பட்ட இடத்தில் அந்தக் கறுப்பு இறகு செம்பும் பச்சையுமாக மின்னியது. தலைதான் சகிக்கவில்லை, உரித்த மாதிரி.

1851க்குள் இந்த மாநிலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வேட்டையாடித் தீர்த்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகளைப் பிடித்துவந்து மேற்கே மலைக்காட்டில் விட்டார்கள். அந்த 37ன் வம்சம் இன்று பல ஆயிரம். தெருவே தங்களுடையது என்று நடக்கின்றன.

இந்தப் பறவைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்கள் ஒரு கூத்து. இங்கிலீஷ்காரன் துருக்கியின் பெயரை வைத்தான். துருக்கிக்காரன் 'ஹிந்தி' என்கிறான், அதாவது இந்தியாவிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்காரனும் இந்தியாவின் கோழி என்றுதான் பெயர் வைத்தான். உண்மையில் அது அமெரிக்காவின் பறவை. கொலம்பஸுக்குப் பிறகே கடல் தாண்டியது. 1612ல் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டியபோது ஜஹாங்கீர் அதிசயப்பட்டு, மன்சூர் என்ற ஓவியரை அழைத்துப் படம் வரையச் சொன்னார். அப்படியானால் மயிலைப் பார்த்துத் தானும் சிறகு விரித்து ஆடியதாக ஔவையார் பாடினாரே, அந்த வான்கோழி? ஔவை கொலம்பஸுக்கு முந்தியவர். அவர் கண்டது வேறு ஏதோ பறவையாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் கப்பலில் வந்த இது அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டது போலும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எந்த வாத்தியாரும் இதைச் சொல்லவில்லை.

மாலையில் கிரான்பெர்ரித் தொக்கு. இந்த ஊர் விருந்தில் கிரான்பெர்ரியைச் சர்க்கரை போட்டு ஜாம் மாதிரி கிளறி வைப்பார்கள். எனக்கு அது ஆகாது. பழத்தைக் கடித்துப் பார்த்தேன். களாக்காய்ப் புளிப்பு, கடைசியில் ஒரு துவர்ப்பு. இதைத் தொக்கு போடாமல் விடலாமா? 340 கிராம் பை ஒன்று. நல்லெண்ணெயில் கடுகு வெடித்து அடங்கியதும் பழத்தைக் கொட்டினேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் பட் பட்டென்று சத்தம். கடுகுதான் மிச்சமாக வெடிக்கிறது என்று பார்த்தால், வெடிப்பது பழம். ஒவ்வொன்றும் தோல் கிழிந்து, உள்ளே வெளுத்த சதையைக் காட்டிவிட்டு அமுங்கியது. மிளகாய்த் தூள், வெந்தயப் பொடி, பெருங்காயம், ஒரு கட்டி வெல்லம். புளிக்கு வேலையே இல்லை.

பழத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நான்கு காற்று அறைகள். அதனால்தான் நல்ல பழம் தரையில் போட்டால் பந்துபோல் துள்ளுகிறது, தண்ணீரில் மிதக்கிறது. அறுவடையும் அப்படித்தான்: வயலில் தண்ணீரைக் கட்டி, கொடியை அலசி, மிதந்து வரும் பழத்தை வளைத்து ஒதுக்குகிறார்கள். 1816ல் இந்த மாநிலத்தின் கேப் காட் பகுதியில் ஹென்றி ஹால் என்பவர், காற்றில் மணல் வந்து மூடிய இடத்தில் கொடி நன்றாகக் காய்ப்பதைக் கவனித்துப் பயிரிடத் தொடங்கினாராம். இரண்டு பழம் துள்ளவில்லை, பேரன் அவற்றைக் குப்பைக்கு அனுப்பினான். துள்ளியதில் நாலைந்து சோபாவுக்கு அடியில்.

வியாழன்

இன்றுதான் தேங்க்ஸ்கிவிங். காலை எட்டு மணிக்கு மகள் பிரிட்ஜைத் திறந்துவிட்டு, "அம்மா, கொத்தமல்லி வாங்க மறந்துட்டேன்" என்றாள். போய் வாங்கி வாயேன் என்றேன். போக முடியாது. இந்த மாநிலத்தில் தேங்க்ஸ்கிவிங்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் பெரிய மளிகைக் கடைகள் திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்த ஊரை முதலில் ஆண்ட பியூரிட்டன்கள் காலத்து ஓய்வுநாள் கட்டுப்பாடுகளின் மிச்சம். தெருவில் ஈ காக்கா இல்லை. பொங்கலன்று மத்தியானம் ரங்கநாதன் தெரு மூடிக் கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி.

நால்வருக்கு ஒரு முழு வான்கோழி என்றால் அடுத்த வாரம் வரை அதைத்தான் தின்ன வேண்டும். அதனால் ஒரு கோழி. இஞ்சி, பூண்டு, மிளகு அரைத்துத் தடவி ராத்திரியே ஊறவைத்து, ஓவனில் வைத்தோம். கூடவே உருளைக்கிழங்கு மசியல், மக்காச்சோளம், பூசணிக்காய் பை. பை மட்டும் முந்தின நாளே கடையில் வாங்கியது. தொக்கு நடுநாயகமாக.

கோழி வேகும் வரை டிவியில் ஊர்வலம். நாங்கள் நிற்க வேண்டிய தெருமுனையைக் காமிரா கடக்கும்போது மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். 1924ல் மேசிஸ் கடை ஊழியர்கள் தொடங்கிய ஊர்வலம் இது. அப்போது பலூன் கிடையாது, மிருகக்காட்சிசாலையிலிருந்து நிஜ மிருகங்களை ஓட்டி வந்தார்கள். பலூன் 1927ல்தான்.

பேரனுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த கதை: கப்பலில் வந்த பில்கிரிம்கள் பட்டினி கிடந்தார்கள், செவ்விந்தியர்கள் உதவினார்கள், எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிட்டார்கள். கையைக் காகிதத்தில் பதித்துக் கோடு வரைந்து, விரல்களை வான்கோழியின் வாலாக்கி வண்ணம் தீட்டியிருந்தான். கதை பொய்யில்லை. பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

1620 டிசம்பரில் 102 பேரோடு வந்த மேஃபிளவர் கப்பல் கரையொதுங்கிய பிளிமத், இங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர்கள் குடியேறிய இடம் வெறுங்காடு அல்ல. பட்டுக்செட் என்ற ஊர் இருந்த இடம், உழுது பயிரிட்ட நிலம். சில வருஷம் முன்பு ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர். 1614ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைப் பிடித்துப்போய் ஸ்பெயினில் விற்றான். எப்படியோ இங்கிலாந்து போய், அங்கிருந்து 1619ல் ஊர் திரும்பினால், ஊரில் ஒரு ஜீவன் இல்லை. அவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த இங்கிலீஷை அவர் படித்த விதம் இது.

1621 அறுவடை விருந்தைப் பற்றி பில்கிரிம்களில் ஒருவரான வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வாம்பனோக் என்ற பூர்வகுடிகளின் தலைவர் மாசசாய்ட் தொண்ணூறு ஆட்களோடு வந்தார், ஐந்து மான் கொண்டுவந்தார்கள், மூன்று நாள் நடந்தது. வெள்ளைக்காரர்கள் அப்போது ஐம்பது சொச்சம்தான். விருந்தாளிகள் வீட்டுக்காரர்களைவிட அதிகம், கறியும் அவர்கள் கொண்டுவந்தது. இதில் யார் யாருக்கு விருந்து வைத்தார்கள்? ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, அதே மாசசாய்டின் மகன் மெடகாமின் தலையைப் பிளிமத்தில் கழியில் செருகி வைத்தார்கள். 1970லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் நாளிலும் அந்த ஊர்க் குன்றின் மேல் பூர்வகுடிகள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். இன்றும் கூடியிருப்பார்கள்.

வருஷா வருஷம் நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாட வைத்தது வேறொரு பெண்மணி. சாரா ஜோசஃபா ஹேல், பத்திரிகை ஆசிரியர். 'மேரி ஹாட் எ லிட்டில் லாம்ப்' எழுதியவர் அவர்தான். 1846ல் தொடங்கிப் பத்திரிகையில் எழுதி, கவர்னர்களுக்குக் கடிதம், ஜனாதிபதிகளுக்குக் கடிதம் என்று விடாமல் நச்சரித்து, 1863ல் லிங்கனைக் கொண்டு அறிவிக்க வைத்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நம் எல்.கே.ஜி பிள்ளைகள் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டுக்கும் இந்த விருந்துக்கும் ஒரே அம்மா.

மூன்று மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டுமாம். பேரன், "பள்ளிக்கூடம் லீவு விட்டதுக்கு." மாப்பிள்ளை, "அத்தை தொக்குக்கு." மகள் என்னைப் பார்த்து, "நன்றிம்மா" என்றாள். என்னவோபோல் இருந்தது. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? 'நன்றி' என்றாலே மேடையில் கூட்டம் முடியப்போகிறது என்று அர்த்தம். என் முறை வந்தபோது, "சாப்பிடுங்க, ஆறிடப்போவுது" என்றேன்.

கோழி நெஞ்சுக்கறி கொஞ்சம் காய்ந்துவிட்டது. தொக்குப் பாட்டில் பாதி காலி.

வெள்ளி

நாடே கடைகளில் முண்டியடிக்கும் நாள். எங்கள் தெரு அமைதியாக இருந்தது. நேற்றுக் காலையிலிருந்தே பேரனுக்குக் காய்ச்சல் இல்லை. "எங்கேயாவது பக்கத்துல போலாம்" என்றான். மாப்பிள்ளைக்கு உடனே யோசனை: "அத்தைக்கு ஐஸ் காட்டலாம்." அரை மணி நேரத்தில் வால்டன் குளம்.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ குடிசை போட்டு இரண்டு வருஷம் இருந்த அதே வால்டன். குடிசை இருந்த இடத்தைச் சுற்றிக் கல் தூண்கள் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில், வந்தவர் போனவர் போட்ட கற்கள் குவியலாக. ஓக் மரங்களில் காய்ந்த பழுப்பு இலை உதிராமல் ஒட்டிக்கொண்டு காற்றில் கலகலத்தது. குளத்தில் ஐஸ் இல்லை, இன்னும் நாள் ஆகுமாம். அந்தக் குளிரில் ஒருவர் நீந்திக்கொண்டிருந்தார்! பேரன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அலறினான். எதிர்க்கரையை ஒட்டி ஒரு ரயில் கடந்தது. அந்தப் பாதை 1844ல் வந்தது, தோரோவுக்கும் அந்தச் சத்தம் தினம் கேட்டிருக்கிறது.

1846-47 குளிர்காலத்தில் அந்த ரயிலில் நூறு ஐரிஷ் கூலியாட்கள் கேம்பிரிட்ஜிலிருந்து தினம் வந்து இந்தக் குளத்து ஐஸை வெட்டினார்கள். வெட்டியதை முப்பத்தைந்து அடி உயரத்துக்கு அடுக்கி வைக்கோல் போட்டு மூடியதை தோரோ எழுதி வைத்திருக்கிறார். மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். காலையில் கீதை படிப்பவர் அவர். கங்கைத் தண்ணீரோடு வால்டன் தண்ணீர் கலக்கிறது என்று மகிழ்ந்துபோகிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குவியலில் கொஞ்சம்தான் வெளியே போனது. மீதி 1848 செப்டம்பர் வரை நின்று உருகி, இதே குளத்துக்குத் திரும்பிவிட்டது.

நம் ஊருக்கு ஐஸ் அனுப்பியவர் ஃப்ரெடரிக் டூடர் என்ற பாஸ்டன் வியாபாரி. 1806ல் மார்டினிக் தீவுக்கு முதல் கப்பல் அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டப்பட்டு, கடனுக்காகக் கைதாகி, விடாமல் மல்லுக்கட்டி, கடைசியில் 'ஐஸ் ராஜா' ஆனார். அவர் கணக்கு எளிது. குளத்துத் தண்ணீர் இனாம். மர அறுவை ஆலைகள் கழித்துப் போடும் மரத்தூள் ஏறக்குறைய இனாம். கிழக்கே போகும் கப்பல்கள் ஏற்றிப் போகச் சரக்கில்லாமல் கல்லை நிரப்பிக்கொண்டு போகின்றன, அதனால் வாடகையும் மலிவு. மிச்சம் இருந்தது வெட்டும் கூலி. அதற்கு நாதனியேல் வைத் என்பவர் 1825ல் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்று செய்து கொடுத்தார். உறைந்த குளத்தின் மேல் நெடுக்கே ஒரு உழவு, குறுக்கே ஒரு உழவு. கோலத்துக்குக் கட்டம் போட்ட மாதிரி கோடு விழும். கோட்டில் நெம்பினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும். எல்லாம் ஒரே அளவு என்பதால் இடைவெளியில்லாமல் அடுக்கலாம். இடைவெளி இல்லாவிட்டால் உருகுவதும் குறையும்.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் பாஸ்டனில் 180 டன் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நாலு மாதம். செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. நான் இங்கே வரும்போது விமானத்தில் கொண்டுவந்த மைசூர்பாகே ஒழுகிவிட்டது.

சென்னையில் கடற்கரையோரம் டூடருக்காக ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842ல். செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். அப்புறம் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த விடுதி. 1963ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. பஸ் கண்டக்டர் இன்றைக்கும் "ஐஸவுஸ் இறங்கு" என்றுதான் கூவுவார்.

கிளம்பும்போது பேரன் தன் தண்ணீர் பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொண்டான். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை.

சனி

காலையில் தெரிந்தது. ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறான். "பாட்டி, நம்மளும் டூடர் பண்ணலாம்."

மரத்தூளுக்கு எங்கே போவது? கலர் பென்சில் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து சீவினோம். நாற்பது நிமிஷம் சீவியும் ஒரு பிடிதான் தேறியது. வாசலில் கிடந்த காய்ந்த ஓக் இலையை நொறுக்கிச் சேர்த்தோம். எவர்சில்வர் டப்பாவில் இலைத்தூள் மெத்தை, நடுவில் ஒரு கட்டி, மேலே மறுபடி தூள், மூடி. இன்னொரு கட்டியை வெறும் தட்டில் வைத்தோம். தட்டில் இருந்தது ஒன்றேகால் மணி நேரத்தில் தண்ணீர். டப்பாவை அவன் பத்து நிமிஷத்துக்கொரு தரம் திறந்து பார்க்க, நான் திட்ட, அப்படியும் இரண்டரை மணி நேரம் கழித்துக் கோலிக்குண்டு அளவு மிச்சம் இருந்தது. சிவப்புப் பென்சில் சாயம் இறங்கி ரோஜா நிறத்தில். வாயில் போட்டுக்கொள்ளப் போனான், பிடுங்கிக்கொண்டேன்.

மத்தியானம் ஊருக்குப் போன் செய்தேன். தம்பி எடுத்தான். இரண்டு நாளாக விடாத மழையாம், தெருவில் முழங்கால் தண்ணீர். "அங்க ஐஸ் விழுதாக்கா?" என்றான். இன்னும் இல்லை என்றேன்.

டிரேயில் மீதி இருந்த கட்டிகளைப் பேரன் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான் ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லி ஃப்ரீசரில் முருங்கைக்காய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். உறை மேல் அவன் கையாலேயே தமிழில் எழுதியிருக்கிறது: 'ஜஸ் அவுஸ்'. எனக்குப் பிப்ரவரி 9ந்தேதிதான் டிக்கெட்.